வியாழக்கிழமையே தீர்ந்த பெட்ரோல்

இந்த உலகத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட வீணாக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் மாமா. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவரும் மாமாதான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே அதை அறிவிப்பார்.

“ஒரு சொட்டு. நான் ஒரே ஒரு சொட்டு வீணாக்கினேன்னு எவனாவது நிரூபிக்கட்டும். இந்த மீசையை எடுத்துடறேன்.”

மீசை அப்போதுதான் முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எடுத்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

மாமாவுக்கு வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நகரத்தின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. நேர் வழி நீளமாக இருந்தால் குறுக்கு வழியில் போவார். குறுக்கு வழியும் நீளமாகத் தோன்றினால் அதற்குள் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். ரயில்வே கேட் மூடியிருந்தால் மற்றவர்கள் நிற்பார்கள். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு மறைந்துபோவார்.

“கேட்டுல நிக்கறவன் வாழ்க்கையிலயே நின்னுடுவான்” என்பார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பால் குடிப்பவள் குண்டூசி. மாமாவின் அக்கா மகள். அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வீட்டில் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ஒல்லியாக இருந்துகொண்டு கேள்வியால் குத்துகிறாள் என்று மாமா வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அப்பா கப்பலில் வேலை பார்த்தார். அதனால் அவருடைய பெட்ரோல் செலவு இந்தக் கதைக்குள் வராது.

வருவது அம்மாவின் ஸ்கூட்டர்.

நீல நிற ஸ்கூட்டர். வயதில் குண்டூசிக்கு அக்கா. நேராக நிறுத்தினால் கிளம்பாது. ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்சம் கெஞ்சி, பிறகு உதைத்தால் ‘டுபுக்’ என்று தும்மிவிட்டுக் கிளம்பும். சின்ன வயதில் குண்டூசி அதன் முன்பக்கம் நின்றுகொண்டு போவாள். காற்று நேராக வாய்க்குள் புகும். சிரித்தால் பல்லெல்லாம் சில்லென்று ஆகும். அப்போது ஹேண்டில் அவள் மூக்கு உயரத்தில் இருந்தது. இப்போது இடுப்புக்குக் கீழே போய்விட்டது. முன்னால் நின்றால் அம்மாவுக்குச் சாலை தெரியாது. அதனால் பின்சீட்டுக்கு மாறிவிட்டாள். ஆனாலும் கிளம்பும் முன் முன்பக்கத்தை ஒருதரம் தொட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

கிலோமீட்டர் காட்டும் மீட்டர் எப்போதோ நின்றுபோனது. அந்த வட்டக் கண்ணாடியின் மேல், மூன்று வயதுக் குண்டூசி ஒட்டிய வாத்து ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. ஆகவே ஊரெல்லாம் மைலேஜைக் கிலோமீட்டரில் அளந்தபோது, இவர்கள் வீட்டில் மட்டும் கிழமையில் அளந்தார்கள். திங்கட்கிழமை காலையில் டாங்கை நிரப்பினால் சனிக்கிழமை சாயங்காலம் வரை ஓடும். ஞாயிறு லீவு. வண்டிக்கும்தான்.

இந்த ஒழுங்கு வருடக்கணக்கில் நடந்தது. அப்புறம்தான் கெட்டுப்போனது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றது. அம்மா அதைச் சாய்த்து, டாங்கில் காதை வைத்து, ஆட்டிப் பார்த்தாள். ‘சளக்’ என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. அடுத்த வாரமும் வியாழன். அதற்கடுத்த வாரமும் வியாழன். ஒருநாள் தள்ளிக்கொண்டே போனதில் அம்மா வேலைக்குத் தாமதமாகிவிட்டாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கடை வாசலில் கண் தெரியாமல் ஆறு பேர் காத்திருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் கடிகாரம் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் காலை மாமா தீர்ப்புச் சொன்னார்.

“புதுப் பெட்ரோல்தான் காரணம் அக்கா. பங்க்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான், பாக்கலையா? எத்தனால் கலந்ததுன்னு?”

“எத்தனால்னா என்ன மாமா?” என்றாள் குண்டூசி.

“கரும்பு, சோளம் இதுலருந்தெல்லாம் எடுக்கறது. அஞ்சுல ஒரு பங்கு அதைக் கலந்துடறாங்க.”

“அது எரியாதா?”

“எரியும். ஆனா பெட்ரோல் அளவுக்குச் சூடு கிடையாது. உன் டிபன் பாக்ஸ்ல அஞ்சு ரொட்டித் துண்டு வைக்கறோம்னு வெச்சுக்க. அதுல ஒண்ணை எடுத்துட்டு வெள்ளரிக்காய் வெச்சா என்ன ஆகும்?”

“சாயங்காலத்துக்கு முன்னாடியே பசிக்கும்.”

“அதேதான். உங்கம்மா வண்டிக்கு வியாழக்கிழமையே பசிக்குது.”

அம்மா பெருமூச்சு விட்டாள். “பழைய வண்டி. புதுச் சாப்பாடு ஒத்துக்கல போல. நம்ம மெக்கானிக் தம்பி ஒருத்தரைச் சொன்னார். ஜூஸ் கடைக்காரர். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறாராம்.”

“அவர் ஓட்டுவாரா?”

அம்மாவுக்குப் பதிலாக மாமா சொன்னார்.

“ஓட்டறதாவது. பாதியா வெட்டி, கடை வாசல்ல நாற்காலியாப் போடப் போறார். இப்ப அதுதான் ஃபேஷன்.”

குண்டூசி பால் டம்ளரைக் கீழே வைத்தாள். எந்தப் பாதி என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முன்பக்கத் தகட்டில் சின்னதாக இரண்டு தேய்ந்த இடங்கள். அவளுடைய பழைய செருப்புகள் நின்ற இடம். பாதங்களை வைத்துப் பார்த்தாள். பெருவிரல் மட்டும்தான் பொருந்தியது.

எழுந்து உள்ளே போனாள்.

“மாமா, கலக்காத பெட்ரோல் எங்கயுமே கிடைக்காதா?”

“ஊருக்கு வெளியே ஒரு பங்க்ல கிடைக்கும். விலைதான் கூட. ஏன்?”

“அது போட்டா மறுபடி சனிக்கிழமை வரைக்கும் ஓடுமா?”

“சனிக்கிழமையா? அதுக்கடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஓடும்” என்றார் மாமா. குறைவாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“அப்ப நிரூபிங்க.”

மாமா மீசை இருக்கவேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டார்.

ஜூஸ் கடைக்காரர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. இந்த ஞாயிறு காலை மாமா ஒரு சின்ன கேனில் கலக்காத பெட்ரோலோடு வந்தார். எல்லோரும் மெக்கானிக் கடைக்குப் போனார்கள். கடை ஒரு பூங்காவின் எதிரில் இருந்தது. பூங்காவைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை. ஞாயிற்றுக்கிழமையானால் அதில் நடைப்பயிற்சிக்காரர்களைத் தவிர ஆள் இருக்காது.

மைலேஜ் பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன பாட்டிலை வண்டியில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து எஞ்சினுக்கு ட்யூப் போட்டுவிடுவார்கள். பாட்டிலில் கோடு வரை பெட்ரோல். அது தீரும்வரை வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

“முதல்ல எத்தனால் கலந்தது” என்றார் மெக்கானிக், கோடு வரை ஊற்றி.

மாமா ஏறினார். ஸ்கூட்டர் அலறியது. பூங்காவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. திருப்பங்களில் மாமா படுத்தே விட்டார். நடைப்பயிற்சிக்காரர்கள் நடப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஐந்தாவது சுற்றின் தொடக்கத்திலேயே வண்டி இருமிவிட்டு நின்றது.

“பாத்தியா?” என்றார் மாமா, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபடி. “தம்பி, இப்ப நம்ம சரக்கை ஊத்து.”

இந்த முறை மாமா ஏறி உட்கார்ந்த விதமே வேறு. முதுகை நிமிர்த்திக்கொண்டு மெதுவாகக் கிளம்பினார். முட்டைக் கூடையைத் தலையில் வைத்தவர் மாதிரி போனார். நடைப்பயிற்சிக்காரர்களில் ஒருவர் அவரை முந்திப் போனார்.

“நிறுத்துங்க” என்றாள் குண்டூசி.

“என்ன?”

“முதல்ல பறந்தீங்க. இப்ப ஊர்வலம் போறீங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். பள்ளி விட்டதும் அவள் நேராக அம்மாவின் கடைக்குத்தான் போவாள். அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா கண் பரிசோதிப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். ஒரு கண்ணாடிச் சில்லைப் போட்டு, ‘இது தெளிவா?’ மாற்றிவிட்டு, ‘இல்ல இது தெளிவா?’

“அம்மா, நீ ஒரே நேரத்துல ரெண்டு சில்லை மாத்துவியா?”

“மாத்த மாட்டேன். அப்புறம் எதனால தெளிவாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணுதான் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்.”

“மாமா பெட்ரோலையும் மாத்திட்டார். வேகத்தையும் மாத்திட்டார்.”

மெக்கானிக் சிரிப்பை மறைக்க ஸ்பேனரைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

“சரி, நீயே ஓட்டுக்கா” என்றார் மாமா. “எனக்கென்ன.”

அம்மா ஓட்டினாள். இரண்டு முறையும் தினமும் வேலைக்குப் போகும் அதே வேகம். கலந்த பெட்ரோலில் ஆறாவது சுற்றில் சலவைக்கடை வாசலில் நின்றது. குண்டூசி சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கலக்காத பெட்ரோலில் அதே ஆறாவது சுற்றில் சலவைக்கடையைத் தாண்டியது. தையற்கடையைத் தாண்டியது. மாமா கைகளை உயர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பேக்கரியைத் தாண்டித் தபால்பெட்டி அருகில் வண்டி நின்றது. மாமாவின் கைகள் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கீழே இறங்கின.

“அவ்வளவுதானா?” என்றார்.

“கூடத்தான் போயிருக்கு” என்றார் மெக்கானிக். “நூறு அடி போற இடத்துல ஆறேழு அடி கூட.”

குண்டூசி விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். “அப்ப சனிக்கிழமை சாயங்காலம் நிக்கற வண்டி, கலந்த பெட்ரோல்ல சனிக்கிழமை மத்தியானம் நிக்கணும். ஏன் வியாழக்கிழமையே நிக்குது?”

“பெட்ரோல் கொஞ்சம் குடிக்குது, சரி” என்றாள் அம்மா. “மீதியைக் குடிக்கறது யாரு?”

எல்லோரும் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். மெக்கானிக் டயரை அமுக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஒழுகுகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தார். “வண்டி நல்லாத்தான் இருக்கு அக்கா” என்றார்.

“வயசாச்சு, அவ்வளவுதான்” என்றார் மாமா. தோற்றவர்கள் வழக்கமாகச் சொல்வது அதுதான்.

மறுநாள் காலை அம்மாவும் குண்டூசியும் கிளம்பினார்கள். நான்கு சாலைகள் சேரும் இடத்தில் அம்மா இடது பக்கம் திரும்பினாள். மரம் அறுக்கும் பட்டறை வந்தது. மரத்தூள் வாசனை வந்தது. கடிகாரக் கடை வந்தது. அதன் கண்ணாடிக்குள் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியது. அப்புறம் ரயில்வே கேட். மூடியிருந்தது.

அம்மா எஞ்சினை அணைத்தாள். கேட் மூடினால் அம்மாவின் வாய் திறக்கும். அது வழக்கமாகிவிட்டது.

“உன் மாமா சின்னப் பையனா இருந்தப்ப கேட்டைப் பத்தி என்ன நினைச்சான் தெரியுமா?”

“என்ன?”

“அவன் வர்றதைப் பாத்துட்டுத்தான் கேட்டை மூடறாங்கன்னு. ரயில் அவன் முன்னால வந்து வணக்கம் வெச்சுட்டுப் போகுதுன்னு. வர்ற ஒவ்வொரு ரயிலுக்கும் கையாட்டுவான். ஒருநாள் எஞ்சின் டிரைவர் திருப்பிக் கையாட்டல. வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல.”

“அப்புறம்?”

“நான் ஒரு தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டு, சமையல்கட்டுலருந்து ‘கூ’ன்னு வந்து, கையாட்டினேன். அதுக்கப்புறம்தான் சாப்பிட்டான்.”

குண்டூசி அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துச் சிரித்தாள். முதுகும் குலுங்கியது. முன்பு இப்படிக் கதை கிடையாது. முன்பு நேர் வழி. ஐந்து நிமிடத்தில் பள்ளி. பிறகுதான் குழாய் பதிப்பதற்காக நேர் வழியைத் தோண்டிப் போட்டார்கள். அதனால் இந்தச் சுற்று வழி.

சிரிப்பு பாதியில் நின்றது.

தோண்டியதை மூடி எத்தனையோ நாளாகிவிட்டது. அது குண்டூசிக்குத் தெரியும். நான்கு சாலைகள் சேரும் இடத்தில் பேருந்துகள் நேராகப் போவதைத் தினமும் பார்க்கிறாள். ஆனால் அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் இடது பக்கம் திரும்புவாள். குண்டூசியும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சாலையைத் தோண்டிய அதே வாரம்தான் பங்க்கில் அந்த ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கிலோமீட்டரில் அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கிழமையில் அளந்தால் எப்படித் தெரியும்?

சொன்னால் ஸ்கூட்டர் பிழைக்கும். ஆனால் அம்மா நேர் வழியில் போக ஆரம்பித்துவிடுவாள். கேட் இருக்காது. கதை இருக்காது. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் கடைக்காரர் ரம்பத்தோடு வருவார்.

சரக்கு ரயில் வந்தது. மெதுவாக, முடிவே இல்லாத மாதிரி போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை குண்டூசி காத்திருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“நாமளும் ரெண்டு சில்லை ஒண்ணா மாத்திட்டோம்.”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கேட் மேலே எழுந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அம்மா எஞ்சினைக் கிளப்பவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள்.

“பெட்ரோலையும் மாத்திட்டோம். வழியையும் மாத்திட்டோம்” என்றாள் குண்டூசி. “மீதியைக் குடிச்சது இந்த வழிதான்.”

அம்மா வாத்து ஸ்டிக்கரைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

“அங்க தோண்டினதை மூடிட்டாங்கன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது” என்றாள் அம்மா. “வீட்டுல வேலை. கடையில வேலை. நீயும் நானும் சும்மா நிக்கற இடம் இது ஒண்ணுதான். அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலுக்கு நீ பஸ்ல போயிடுவே.”

“எனக்கும் தெரியும்மா” என்றாள் குண்டூசி. “நானும் சொல்லல.”

அம்மா அவள் தோளில் நழுவிய பள்ளிப் பையைச் சரிசெய்தாள்.

“காலையில நேர் வழியில போவோம்” என்றாள் குண்டூசி. “உனக்கும் லேட் ஆகாது. சாயங்காலம் இப்படி வருவோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பெட்ரோல் வரும். சனிக்கிழமைக்குக் கொஞ்சம் ஊத்திக்கலாம். அது கேட்டுக்கு.”

அம்மா ஸ்கூட்டரைச் சாய்த்தாள். ‘டுபுக்’ என்று தும்மியது. அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். யாருடைய சத்தம் எது என்று குண்டூசி ஆராயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜூஸ் கடைக்காரர் வந்தபோது ஸ்கூட்டர் கழுவித் துடைத்து நின்றது. விற்பதற்கில்லை என்று அம்மா சொன்னாள். அவர் முகம் வாடிப்போனது.

“குழந்தைங்க உக்காந்து ஜூஸ் குடிக்கும்னு நினைச்சேம்மா” என்றார்.

குண்டூசிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “மெக்கானிக் அண்ணா கடைக்குப் பின்னால ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கு. எஞ்சினே கிடையாது. புல்லு முளைச்சிருக்கு. அதுக்கும் யாராவது வந்து உக்காந்தாப் பிடிக்கும்” என்றாள்.

அவர் போய்ப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அவருடைய கடை வாசலில் மஞ்சள் வண்ணம் பூசிய ஸ்கூட்டர் நாற்காலி வந்துவிட்டது. குண்டூசிக்கு முதல் ஜூஸ் இலவசம்.

விஷயம் முழுவதையும் கேட்ட மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதைக் கண்டுபிடிக்க நான் ஊருக்கு வெளியே போய்ப் பெட்ரோல் வாங்கி வந்தேனா? ஏன்கா, கேட்டுக்குப் பயந்து ஓடறவனைப் பாத்திருக்கேன். மெனக்கெட்டு பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போய் கேட்டுல நிக்கறவங்களை இப்பதான் பாக்கறேன். டிக்கெட் ஏதாவது வாங்கணுமா?”

அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பார்சல் வாங்கும் வீடுகளிலும் சொன்னதாகக் கேள்வி.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மாவுக்குக் கடையில் வேலை நீண்டுவிட்டது. குண்டூசியை வீட்டுக்குக் கூட்டிப் போக மாமா வந்தார். அவருடைய பைக்கில் பார்சல் பெட்டி இருப்பதால் பின்னால் உட்கார முடியாது. பைக்கை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டார்.

“கேட்டுல நின்னு ரயிலுக்குக் கையாட்டுவீங்களாமே மாமா” என்றாள் குண்டூசி, போகிற போக்கில். “டிரைவர் கையாட்டலன்னா சாப்பிட மாட்டீங்களாமே.”

“யாரு சொன்னா?”

“அம்மா. தட்டை ஸ்டியரிங்கா வெச்சு ‘கூ’ன்னு வந்தாங்களாம்.”

மாமா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். சைக்கிள் ஒன்று அவரை முந்திப் போனது. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று குண்டூசி நினைத்தாள்.

நேர் வழி பிரியும் இடம் வந்தது. வீட்டுக்கு ஐந்து நிமிடம். மாமா அதைப் பார்த்தார். ஸ்கூட்டரை மறுபக்கம் திருப்பினார். கடிகாரக் கடைக்கும் மரத்தூள் வாசனைக்கும் முன்னால், தண்டவாளம் வந்தது.

கேட் திறந்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

மாமா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

“கேட் திறந்துதானே இருக்கு மாமா?”

“இருக்கட்டும்” என்றார் மாமா. “மூடுவாங்க.”